முப்பது இதழ்ப் பூவும் களிமண் கலயமும்: இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ருமேனிய மலரோவியங்கள்

ருமேனிய மொழியில் ரோஜாவின் பெயர் 'த்ராந்தாஃபிர்'. கிரேக்கத்தில் 'முப்பது இதழ்' எனப் பொருள்படும் 'த்ரியாந்தாஃபிலோ' என்ற சொல்லின் திரிந்த வடிவம் அது. லத்தீனின் வழித்தோன்றல் என்று தன்னைப் பெருமையோடு அறிவித்துக்கொண்ட ஒரு மொழி, லத்தீனுக்கே உரிய 'ரோஸா'வை மக்கள் வழக்கில் காக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'ரோஸ' என்ற வடிவம் நூல்களின் வழியே திரும்பி வந்தது. அலெக்சாந்த்ரு மகெதோன்ஸ்கி போன்ற கவிஞர்கள் அதை விரும்பி ஆண்டனர். ஆனால் தோட்டத்திலும் சந்தையிலும் 'த்ராந்தாஃபிர்' அசையவில்லை. ஓவியங்களின் தலைப்புகளிலும் அதுவே நின்றது.

மற்றப் பூக்களின் பெயர்களும் இவ்வாறே. துலிப் மலருக்கு 'லலேயா', பதுமராகப் பூ எனப்படும் ஹயசிந்துக்கு 'ஸம்பில', லைலக்குக்கு 'லிலியாக்'. மூன்றும் துருக்கியத்தின் வழியே வந்தவை; அவற்றின் பின்னே பாரசீகமும் அரபும் நிற்கின்றன. பியோனியின் பெயரான 'புஜோர்', கசகசாப் பூவின் பெயரான 'மாக்', லில்லியின் பெயரான 'கிரின்' ஆகியவை ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்தவை. அனிமோனும் கிரிசாந்தமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு உடை அணிந்து நுழைந்தன. 'பூ' என்ற பொதுச்சொல் மட்டும், அதாவது 'ஃப்ளோவாரெ', ஐயத்துக்கு இடமின்றி லத்தீன். பொதுப்பெயர் ரோமாபுரியிலிருந்து வர, சிறப்புப் பெயர்கள் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்தும் பால்கன் மலைகளிலிருந்தும் பாரீஸிலிருந்தும் வந்து சேர்ந்திருக்கின்றன.

மலரோவியங்களைப் பற்றிய கட்டுரையொன்றில் சொற்பிறப்பியலுக்கு என்ன வேலை என்று கேட்கப்படலாம். மலரோவியம் வரலாற்றாசிரியர்களால் மிக எளிதில் ஒதுக்கப்படும் வகை. போர்க்களம் தீட்டிய ஓவியம், உழவரைத் தீட்டிய ஓவியம், தொழிற்சாலையைத் தீட்டிய ஓவியம் ஆகியவை ஆவணமாகக் கொள்ளப்படுகின்றன. மேசைமேல் ஒரு குவளையும் அதில் ஒரு பிடிப் பூக்களும் இருந்தால் அது அலங்காரம் என்று கொள்ளப்பட்டுப் பக்கம் புரட்டப்படுகிறது. 1918க்கும் 1940க்கும் இடைப்பட்ட ருமேனியாவில் மலரோவியம் மிகுதியாகத் தீட்டப்பட்டது. மிகுதியாக வாங்கவும் பட்டது. தேசியத் தன்மை என்பது யாது என்று அறிஞர்கள் கடுமையாக மோதிக்கொண்ட காலமும் அதுவே. இவ்விரண்டும் ஒரே நகரத்தில், பல வேளைகளில் ஒரே வரவேற்பறையில் நிகழ்ந்தவை. அவற்றை இணைத்துப் பார்ப்பதற்குச் சொற்களின் வரலாறு நல்லதொரு வாயில்.

முதலில் இவ்வகை ஓவியத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். டச்சு மொழியில் 'ஸ்டில்லேவென்', அதாவது அசையாத உயிர் வாழ்வு. ஜெர்மனும் ஆங்கிலமும் அதையே பின்பற்றின. பிரெஞ்சு 'நாத்யூர் மோர்த்' என்றது. இறந்த இயற்கை என்பது அதன் நேர்ப்பொருள். ருமேனியம் பிரெஞ்சைப் பின்பற்றி 'நதூர மோவார்த' என்றது. அத்துடன் 'நதூர ஸ்தாத்திக', அதாவது நிலைத்த இயற்கை என்ற மாற்று வடிவத்தையும் வைத்துக்கொண்டது. கொய்யப்பட்ட பூ இறந்ததா, வெறுமனே அசையாமல் இருக்கிறதா என்ற கேள்வியை அருங்காட்சியகப் பெயர்ப்பலகைகள் இன்றுவரை இருவிதமாகவே எழுதுகின்றன. தமிழில் இவ்வகைக்கு நிலைத்த பெயரொன்று இன்னும் அமையாமையால் 'அசையாப்பொருள் ஓவியம்' என்பது இங்கு ஆளப்படுகிறது.

இந்த வகைக்கு ருமேனியாவில் மதிப்புத் தேடித் தந்தவர் போருக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்தவர். ஷ்தெஃபான் லுக்கியான் 1868இல் மொல்தாவியாவின் ஷ்தெஃபனெஷ்தி என்ற ஊரில் பிறந்தார். புக்கரெஸ்டிலும் மியூனிக்கிலும் பயின்றபின் பாரீஸின் ஜூலியான் கலைக்கூடத்துக்குச் சென்றார். 1896இல் அரசு சார்ந்த கண்காட்சிக்கு எதிராகச் சுதந்திரக் கலைஞர்களின் கண்காட்சியை நடத்தியவர்களில் அவரும் ஒருவர். 1900ஆம் ஆண்டளவில் தண்டுவடத்தைத் தாக்கும் நோய் அவரைப் பற்றியது. கால்கள் செயலிழந்தன, பின்னர் கைகளும் தளர்ந்தன. இறுதி ஆண்டுகளில் தூரிகையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு தீட்டினார். வெளியே சென்று நிலக்காட்சி வரைய இயலாத ஒருவருக்கு வெளியுலகம் பூக்களின் வடிவில் அறைக்குள் கொண்டுவரப்பட்டது. அனிமோன், கார்னேஷன், ரோஜா, கிரிசாந்தம் எனத் தொடர்ந்த அவ்வோவியங்களில் நோயின் தடயம் ஏதும் தென்படாது. ஒளி பரவிய பின்னணி, இதழ்களின் மெல்லிய நிறம், எளிய மண்பாண்டம், அவ்வளவே. அவருடைய நோயைக் கொண்டே ஓவியங்களைப் படிக்கும் பழக்கம் ருமேனியக் கலைவிமரிசனத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. அது இரக்கத்தை வளர்த்த அளவுக்குப் பார்வையை வளர்க்கவில்லை. 1916 ஜூன் 28 அன்று லுக்கியான் இறந்தார். அதன்பின் இரண்டு மாதங்களில் ருமேனியா உலகப் போரில் இறங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் புக்கரெஸ்ட் எதிரிப்படைகளின் வசமானது.

போர் முடிந்தபோது நாட்டின் உருவமே மாறியிருந்தது. டிரான்சில்வேனியா, பெசராபியா, புக்கோவினா ஆகிய பகுதிகள் இணைந்தன. ஏறத்தாழ 1,38,000 சதுர கிலோமீட்டராக இருந்த நிலப்பரப்பு 2,95,000 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 1930ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1 கோடியே 80 இலட்சம் மக்களைக் காட்டியது. அவர்களில் ருமேனியர் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர். எஞ்சியோர் ஹங்கேரியர், ஜெர்மானியர், யூதர், உக்ரேனியர், பல்கேரியர், துருக்கியர், தாத்தாரியர், ரோமா மக்கள், ஆர்மீனியர் எனப் பலவாயினர். தனக்கென ஒரே முகம் வேண்டிய அரசுக்கு வரலாறு தந்தது பல முகங்கள்.

மொழியறிஞர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் இதைச் சந்தித்திருந்தனர். பின்னாளில் ருமேனிய அக்காதெமியாக மலர்ந்த கல்விக் கழகத்தின் பணிப்பில் லவுரியான், மாஸ்ஸிம் ஆகிய இருவரும் 1871இலிருந்து 1876 வரை அகராதியொன்றை வெளியிட்டனர். லத்தீன் வேர் கொண்ட சொற்கள் அகராதியில் இடம்பெற்றன. பிறமொழி வேர் கொண்டவையும் ஐயத்துக்குரியவையும் தனியொரு சொற்கோவையில் ஒதுக்கி வைக்கப்பட்டன. அவை மெல்லக் கழிய வேண்டியவை என்பது உட்கிடை. அந்த நெறியின்படி ஒரு ருமேனியத் தோட்டத்தைக் களையெடுத்தால் பெரும்பாலான பூக்கள் வேலிக்கு வெளியே போய்விடும். மக்கள் பேசாத மொழியில் எழுதப்பட்ட அவ்வகராதி நகைப்புக்கு இடமாகி வழக்கொழிந்தது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் சிஹாக் என்பவர் எதிர்த்திசையிலிருந்து ஓர் அடி கொடுத்தார். 1870இலும் 1879இலும் இரு தொகுதிகளாக வந்த அவருடைய சொற்பிறப்பு அகராதியில் சொற்களை எண்ணிப் பார்த்தால் லத்தீனைவிட ஸ்லாவியமே மிகுதியாக இருந்தது. அவ்வாறாயின் ருமேனியம் ஸ்லாவிய மொழியா? இதற்கு போக்தான் பெத்ரிசெய்கு ஹாஷ்தேவு அளித்த விடை மொழியியல் வரலாற்றில் நினைக்கத்தக்கது. அகராதியில் உள்ள சொற்களின் எண்ணிக்கை ஒரு மொழியின் இயல்பைக் காட்டாது. பேச்சில் அவை எத்தனை முறை புழங்குகின்றன என்பதே காட்டும் என்றார் அவர். பத்துப் பேர் அறிந்த நூறு சொற்களைவிட எல்லோர் வாயிலும் நாள்தோறும் புரளும் ஒரு சொல் எடை மிக்கது. புழக்கக் கோட்பாடு என்று இது பெயர் பெற்றது. ஹாஷ்தேவு இதை லத்தீனுக்கு ஆதரவாகவே பயன்படுத்தினார் என்பது உண்மை. ஆனால் கோட்பாடு தன் ஆசிரியரின் நோக்கத்தைவிடப் பெரியது. தோற்றத்தைக் கேட்காமல் புழக்கத்தைக் கேள் என்று அது சொல்கிறது. அவ்வாறு கேட்டால் 'த்ராந்தாஃபிர்' கிரேக்கச் சொல் அன்று. முழு ருமேனியச் சொல்.

1920களில் இதே வழக்கு ஓவியத்தின்மேலும் தொடுக்கப்பட்டது. 'ஸ்பெசிஃபிகுல் நத்சியோனால்', அதாவது தேசியத் தனித்தன்மை என்பது அக்காலத்தின் தாரகச் சொல். விமரிசகர் யூஜென் லொவினெஸ்கு 1924-25இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நவீன ருமேனிய நாகரிக வரலாற்றில், சிறிய பண்பாடுகள் பெரிய பண்பாடுகளோடு கால ஒத்திசைவு கொள்வது இயல்பு என்றும், கடன் வாங்குதலே வளர்ச்சியின் வழி என்றும் வாதிட்டார். எதிரணியில் 1921இல் குளூஜ் நகரில் தொடங்கிப் பின் புக்கரெஸ்டுக்கு இடம்பெயர்ந்த 'கந்திரியா' என்ற இதழ் நின்றது. நிக்கிஃபோர் கிராய்னிக்கின் தலைமையில் அது சிற்றூரையும் கிழக்குத் திருச்சபையையும் ருமேனிய ஆன்மாவின் ஊற்றுகளாக நிறுவ முயன்றது. ஓவியர்களும் ஒதுங்கி நிற்கவில்லை. பிரான்சிஸ்க் ஷிராத்தோவும் நிக்கோலாயே தொனித்சாவும் தூரிகையோடு பேனாவும் பிடித்தவர்கள். இவ்விருவரும் ஷ்தெஃபான் திமித்ரெஸ்கு, சிற்பி ஒஸ்கார் ஹான் ஆகியோருடன் 1920களின் நடுவில் 'நால்வர் குழு' என்ற பெயரில் இணைந்தனர். மற்றொரு பக்கம் 'கொந்திம்பொரானுல்' இதழைச் சூழ்ந்த மார்செல் யான்கோவும் மாக்ஸியும் 1924இல் புக்கரெஸ்டில் அனைத்துலக நவீனக் கலைக் கண்காட்சி நடத்தினர். பூக்குவளைகள் அவர்களுக்குச் சலிப்பூட்டின.

இந்த ஆரவாரத்துக்கு நடுவே ஒருவர் ஏறக்குறைய வாய் திறவாமல் குவளைகளையே தீட்டிக்கொண்டிருந்தார். கெயோர்கெ பெத்ராஷ்கு 1872இல் தெகூச் என்ற சிறு நகரத்தில் பிறந்தவர். புக்கரெஸ்டில் பயின்றபின் பாரீஸில் ஜூலியான் கலைக்கூடத்தில் சேர்ந்தார். 1900இல் புக்கரெஸ்டின் அதெனேவு மண்டபத்தில் தம் முதல் தனிக்கண்காட்சியை நடத்தினார். 1901இல் தோன்றிய 'இளங்கலைஞர்' சங்கத்தின் நிறுவனர்களுள் லுக்கியானும் பெத்ராஷ்குவும் இருந்தனர். வெனிஸ், பிரிட்டனி, எகிப்து, ஸ்பெயின் எனப் பல இடங்களுக்குப் பயணம் செய்தவர் அவர். ஆயினும் அவருடைய கலையின் சாரம் அறைக்குள்தான் இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் தர்கோவிஷ்தே நகரில் ஒரு வீடு கட்டிக்கொண்டு கோடைகளை அங்கே கழித்தார். அவ்வீடு 1970 முதல் அவர் பெயரிலான அருங்காட்சியகம்.

பெத்ராஷ்குவின் மலரோவியத்தை லுக்கியானுடையதன் அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும். லுக்கியானிடம் பூ ஒளியால் ஆனது. பெத்ராஷ்குவிடம் அது வண்ணப் பசையால் ஆனது. பெரும்பாலும் சிறிய அளவு. துணியைப் போலவே அட்டையையும் அவர் நிறையப் பயன்படுத்தினார். பின்னணி இருண்டது, சிலவற்றில் கறுப்பையே ஒட்டிய பழுப்பு அல்லது நீலம். அதன்மேல் அடுக்கடுக்காக ஏற்றப்பட்ட வண்ணம் காய்ந்து இறுகி, மேடுபள்ளமான ஒரு தோலாகிறது. இதழ் எங்கே முடிகிறது, இலை எங்கே தொடங்குகிறது என்று கோடு சொல்லாது. பசையின் திசை சொல்லும். சிவப்பு இருளுக்குள்ளிருந்து கனன்று எழும், சாம்பல் மூடிய தணலைப் போல. விமரிசகர்கள் அவருடைய பரப்பை எனாமல் பூச்சோடும் சுட்ட மண்ணின் மெருகோடும் ஒப்பிட்டுள்ளனர். அந்த ஒப்புமை வெறும் அலங்காரம் அன்று. ஓவியத்தில் பூ மட்டும் இல்லை. பூவைத் தாங்கும் பாண்டமும் இருக்கிறது. பெத்ராஷ்குவிடம் பூவும் பாண்டமும் ஒரே பொருளால் ஆனவைபோலத் தோன்றுகின்றன.

பாண்டத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ருமேனிய மொழி பூவைத் தாங்கும் கலத்துக்குப் பல சொற்களை வைத்திருக்கிறது. 'வாஸ்' என்பது லத்தீனிலிருந்து வழிவழியாக வந்த பொதுச்சொல். கலம், பாத்திரம் என்று பொருள். 'வாஸ' என்பது பிரெஞ்சிலிருந்து பின்னாளில் பெற்றது. வரவேற்பறையின் அழகுக் குவளையை மட்டும் குறிக்கும். இரண்டுக்கும் மூலம் ஒன்றே. ஒன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் உழவர் வாயில் புழங்கி வந்தது. மற்றொன்று பாரீஸ் வழியாகச் சுற்றி வந்தது. 'கிளாஸ்த்ர' என்பது கிரேக்கம். மண் நிரப்பிச் செடி வைக்கும் தொட்டி. கண்ணாடிக் குவளையைக் குறிக்கும் 'பஹார்' ஹங்கேரியம். இவற்றுக்கெல்லாம் கீழே, அடுக்களைக்கு மிக அருகில் 'உல்சிக' என்ற சொல் இருக்கிறது. சிறு கலயம் என்பது பொருள். லத்தீனின் 'ஒல்லா'வோடு, அதாவது பானையோடு உறவுடைய இச்சொல்லில் சிறுமைப் பின்னொட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியுள்ளது. பானையின் குழந்தைக்கும் குழந்தை என்பதுபோல ஒரு செல்லப்பெயர்.

எந்தக் கலத்தில் பூவை வைப்பது என்பது ஓவியரைப் பொறுத்தவரை வெறும் வசதி அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாயர் குடும்பத்து மாளிகைகளில் பூவுக்கு உரிய இடம் வியன்னாப் பீங்கானும் பொஹீமியக் கண்ணாடியும். லுக்கியானும் அவருக்குப் பின்வந்தவர்களும் மெருகிட்ட நாட்டுக் கலயத்தை மேசைமேல் கொண்டுவந்து வைத்தனர். சந்தையில் சில காசுக்குக் கிடைப்பது அது. உழவர் வீட்டில் பால் ஊற்றி வைப்பது. அதில் நகரத்துத் தோட்டத்தின் அனிமோன்களைச் செருகும்போது, சிற்றூரின் லத்தீனும் பாரீஸின் பிரெஞ்சும் ஒரே மேசையில் சந்திக்கின்றன. 'கந்திரியா'வின் கட்டுரையாளர்கள் தேடிய சிற்றூர் அங்கே இருக்கிறது. லொவினெஸ்கு பேசிய கடனும் அங்கே இருக்கிறது. ஒன்றை வெளியேற்றினால் மற்றதற்கு இடமில்லை: கலயமின்றிப் பூ நிற்காது, பூவின்றிக் கலயம் அடுக்களைக்குத் திரும்பிவிடும்.

1925இல் பாரீஸின் ஜூ தெ போம் மண்டபத்தில் பழைய, புதிய ருமேனியக் கலைகளின் கண்காட்சி நடந்தது. கலைவரலாற்றாசிரியர் ஆன்றி போசியோன் அதில் ஆர்வத்துடன் ஈடுபட்டார். புதிய நாட்டின் முகத்தை மேற்கு ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தும் அரசியல் நோக்கம் அதற்கு இருந்தது என்பதில் ஐயமில்லை. பெத்ராஷ்குவுக்கு அத்தகைய அங்கீகாரங்கள் பிறகு தொடர்ந்தன. 1936இல் அக்காதெமி அவரை உறுப்பினராக்கியது. 1937ஆம் ஆண்டின் பாரீஸ் உலகக் கண்காட்சியில் உயர்பரிசு கிடைத்தது. சோவியத், ஜெர்மனி நாடுகளின் அரங்கங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்ற அதே கண்காட்சிதான்; பிக்காசோவின் 'கெர்னிக்கா' முதன்முதலில் வைக்கப்பட்டதும் அங்கேதான். அந்தச் சூழலில் பரிசு பெற்ற ஓவியர் குவளைகளையும் பழைய சுவர்களையும் தீட்டியவர் என்பதை ஒருவர் தப்பித்தல் என்று படிக்கலாம். அவ்வாறு படித்தவர்கள் அக்காலத்திலேயே இருந்தனர். ஆனால் அப்பழியில் பாதிதான் நியாயம். எல்லோரும் தேசத்தின் ஆன்மாவைப் பற்றிக் கட்டுரை எழுதிய ஒரு பத்தாண்டில் அதைப் பற்றிக் கொள்கை அறிக்கை ஏதும் விடாமல் இருந்ததும் ஒரு நிலைப்பாடே. மறு பாதி குற்றச்சாட்டு நிற்கத்தான் செய்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

தியோதோர் பல்லாடியின் வழி வேறு. 1871இல் யாஷ் நகரின் உயர்குடியில் பிறந்த அவர், பொறியியல் படிப்பை விட்டுப் பாரீஸுக்குச் சென்று குஸ்தாவ் மோரோவின் கூடத்தில் மத்தீஸுடன் பயின்றார். அந்நட்பு வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. மத்தீஸ் 1940இல் தீட்டி முடித்த 'ருமேனிய மேற்சட்டை' உலகறிந்தது. பல்லாடியின் பூக்கள் மெலிந்தவை, வெளிறியவை. புத்தகமும் புகைக்குழாயும் பக்கத்தில் கிடக்கும். அவருடைய மேசை பாரீஸில் இருந்தது என்பதைக் கலமும் சொல்லும், நிறமும் சொல்லும். பெத்ராஷ்குவின் கனத்தோடு ஒப்பிடும்போது இங்கே எல்லாம் சற்றே தொலைவில் இருப்பதாகப் படும்.

தொனித்சா, ஷிராத்தோ, இஸெர், தரெஸ்கு எனப் பலரும் கோடையில் கூடிய ஊர் பால்சிக். கருங்கடற்கரையில் துருக்கியரும் தாத்தாரியரும் பல்கேரியரும் வாழ்ந்த அச்சிற்றூர் 1913இல் ருமேனியாவின் வசம் வந்தது. அரசி மரியா அங்கே தோட்டம் சூழ்ந்த மாளிகை எழுப்பினார். 'லலேயா', 'ஸம்பில' என்ற சொற்கள் எந்த உலகிலிருந்து வந்தனவோ அந்த உலகை ஓவியர்கள் அங்கே நேரில் கண்டனர் எனலாம். புக்கரெஸ்டின் யூதக் குடும்பத்தில் பிறந்த யோசிஃப் இஸெர் தோப்ருஜாவின் தாத்தார்ப் பெண்களைத் தீட்டிய ஓவியங்கள் 'ருமேனிய ஓவியம்' என்றே போற்றப்பட்டன. 1940 செப்டம்பரில் கிரயோவா உடன்படிக்கையால் பால்சிக் பல்கேரியாவுக்குத் திரும்பியது. ஓவியர்களின் கோடைகள் ஒரு கையெழுத்தில் முடிந்தன. அதே ஆண்டில் தொனித்சாவும் இறந்தார்.

இனிக் குற்றச்சாட்டின் மறு பாதி. ஓவியருடைய மேசைக்குப் பூ எங்கிருந்து வந்தது? சில தோட்டத்திலிருந்து, பல தெருவிலிருந்து. புக்கரெஸ்டின் தெருவோரப் பூ வணிகம் நெடுங்காலமாக ரோமா பெண்களின் கையில் இருந்துவந்தது. பூக்காரி 'ஃப்ளோரரேயாஸ' எனப்படுவாள். வண்ணப் பாவாடையும் கூடையுமாக அவள் ஓவியங்களிலும் அஞ்சலட்டைகளிலும் இடம்பெற்றாள், பெரும்பாலும் பெயரின்றி. ரோமா மக்கள் மொல்தாவியாவிலும் வலாக்கியாவிலும் பல நூற்றாண்டுகள் அடிமைகளாக வாழ்ந்தவர்கள். அந்த அடிமைமுறை முழுதாக ஒழிந்தது 1855-56இல்தான். பெத்ராஷ்கு பிறந்தபோது அடிமையாகப் பிறந்தவர்கள் அவரைச் சுற்றி உயிரோடு இருந்தனர்.

அவர்களுடைய ரோமானி மொழி இந்திய-ஆரியக் கிளையைச் சேர்ந்தது. எண்ணுப்பெயர்களிலும் உறவுப்பெயர்களிலும் உடலுறுப்புப் பெயர்களிலும் வட இந்திய மொழிகளின் சாயலை இன்றும் காணலாம். ஆயினும் ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய எண்களுக்குக் கிரேக்கச் சொற்களே உள்ளன. 'வழி' என்பதற்குரிய 'த்ரோம்' கிரேக்கம். 'பூ'வும் அவ்வாறே: 'லுலுதி', கிரேக்க 'லுலூதி'யிலிருந்து. இந்தியாவிலிருந்து புறப்பட்ட ஒரு மக்கள் பைசாந்தியப் பேரரசின் நிலங்களில் நெடுங்காலம் தங்கியபோது பூவின் பழைய பெயரை விட்டுப் புதியதை ஏற்றிருக்கின்றனர். ஆக, பூக்காரி கூடையை இறக்கியபோது அவள் தன் மொழியில் சொன்ன 'லுலுதி'யும், வாங்குபவர் சொன்ன 'த்ராந்தாஃபிர்'உம் ஒரே கிரேக்கக் கரையிலிருந்து வெவ்வேறு வழிகளில் வந்தவை. இதைவிட நெருக்கமான உறவை எந்தத் தேசிய வரலாற்று நூலும் அவ்விருவருக்கும் இடையே எழுதவில்லை.

தோற்றத்தைக் கேட்கும் பழக்கம் சொற்களோடு நிற்கவில்லை. 1938 சனவரியில் கோகா-கூசா அரசு குடியுரிமையை மறு ஆய்வு செய்யும் ஆணையைப் பிறப்பித்தது. அதன் விளைவாக 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் குடியுரிமை இழந்தனர். லவுரியான்-மாஸ்ஸிம் சொற்கோவையில் சொற்களுக்கு நேர்ந்தது இப்போது மனிதர்களுக்கு நேர்ந்தது. 1941 சனவரியில் புக்கரெஸ்டில் யூதர்மீது படுகொலை நடந்தது. அவ்வாண்டு மார்செல் யான்கோ பாலஸ்தீனத்துக்குச் சென்றார். 1942இல் அந்தோனெஸ்குவின் ஆட்சி ஏறத்தாழ 25,000 ரோமா மக்களை நீஸ்தர் ஆற்றுக்கு அப்பாலுள்ள திரான்ஸ்நீஸ்திரியாவுக்கு நாடுகடத்தியது. அவர்களில் பல்லாயிரவர் பசியிலும் குளிரிலும் டைபஸ் காய்ச்சலிலும் இறந்தனர். மலரோவியங்களில் இவற்றின் தடயம் இல்லை. கலயத்தின் சொல்லடுக்கில் கலப்பைக் காப்பாற்றிய அதே ஓவியம், பூவைக் கொண்டுவந்த கையைச் சட்டத்துக்கு வெளியே விட்டது. இரண்டும் உண்மை, ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தல் தகாது.

இவ்வோவியங்களை வாங்கிச் சேர்த்தவர்களின் வரலாறும் தோற்றக் கணக்கில் அடங்காதது. அவர்களில் தலையாயவர் கிரிகோர் ஸம்பாக்சியான். கருங்கடல் துறைமுகமான கோன்ஸ்தான்சாவில் 1889இல் பிறந்த ஆர்மீனிய வணிகர். லுக்கியான், பெத்ராஷ்கு, பல்லாடி, தொனித்சா ஆகியோரின் படைப்புகளோடு செசானின் ஓவியமொன்றையும் மத்தீஸின் படைப்புகளையும் அவர் திரட்டினார். ஓவியங்களுக்காகவே புக்கரெஸ்டில் ஒரு வீடு கட்டி 1947இல் வீட்டையும் தொகுப்பையும் அரசுக்குக் கொடையளித்தார். 'ருமேனியத் தனித்தன்மை' என்று பிற்காலம் போற்றியவற்றுள் கணிசமான பகுதி ஓர் ஆர்மீனியரின் கண்ணால் தெரிந்தெடுக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு, 1948இல், புதிய கம்யூனிச ஆட்சியின்கீழ் மறுசீரமைக்கப்பட்ட அக்காதெமி, இறந்து முப்பத்திரண்டு ஆண்டுகளான லுக்கியானை உறுப்பினராக்கியது. ஏழ்மையில் இறந்த ஓவியர் என்ற வகையில் அவர் புதிய அரசுக்கு உகந்தவர். பெத்ராஷ்கு 1949 மே 1 அன்று புக்கரெஸ்டில் காலமானார். சோஷலிச யதார்த்தவாதம் கோலோச்சிய அவ்வாண்டுகளில் தொழிற்சாலைப் புகைபோக்கிகளே முதன்மைப் பொருளாயின. எனினும் குவளைகள் வீடுகளின் சுவர்களிலிருந்து இறங்கவில்லை.

1977 மார்ச் 4 நிலநடுக்கத்துக்குப் பின் அரசு தனியார் கொடையாக வந்த தொகுப்புகளை ஒரே இடத்தில் குவித்தது. 1978இல் கலைத் தொகுப்புகள் அருங்காட்சியகம் உருவானது. ஸம்பாக்சியானின் வீடும் மூடப்பட்டது. அது மீண்டும் திறக்கப்பட்டது 1992இல், ஆட்சி மாறியபின். தொரொபான்ஸ் பகுதியை ஒட்டிய அமைதியான தெருவில் அந்த வெள்ளை வீடு இப்போது இருக்கிறது. நகரின் சந்திப்புகளில் ரோமா பெண்கள் இன்றும் பூ விற்கின்றனர். வசந்தத்தில் 'ஸம்பில'வும் 'லலேயா'வும், கோடை தொடங்கும்போது 'புஜோர்'உம், பின்னர் 'த்ராந்தாஃபிர்'உம்.